மிதிக்க மறுத்தவளின் கால்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசைக்கல்லை அடுப்பில் போட்ட நேரம் பார்த்து பிரியா போன் செய்தாள். நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனையில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“மேடம், செல்போன் கடை வெச்சிருக்கிறவர் ஒருத்தர் வந்துக்கிறாரு. ஷட்டில் ஆடும்போது கெண்டைக்கால்ல டப்புன்னு சத்தமாம். பின்னாடி ஆடினவர் பேட்டால அடிச்சிட்டாருன்னு அங்கயே சண்டை. இப்ப இன்னான்னா, சுளுக்குதான, நல்லா உருவி வுடுங்கன்னு அவர் சம்சாரம் ஒரே பிடிவாதம்.”

“நீ இன்னா சொன்ன?”

“சதை கிழிஞ்சிருக்குது, உருவக் கூடாதுன்னு சொன்னேன். அப்ப மிதிக்கிற ஆளுகிட்ட கூட்டிக்கினு போறேன்னு கிளம்பறாங்க.”

“போனை அந்தம்மா கையில குடு.”

அந்த அம்மாவிடம் நான் அதிகம் பேசவில்லை. “நானே காலால பொறந்தவம்மா. நான் சொல்றேன், இதை மிதிக்கக் கூடாது” என்றேன்.  “நீங்களே சொல்றப்ப சரிதாங்க” என்று குரல் இறங்கிவிட்டது. போனைத் திரும்ப வாங்கிய பிரியா, “மேடம், நானும் காலால பொறந்திருக்கலாம்” என்று அலுத்துக்கொண்டாள். அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள், எங்கள் செட்டுக்கே உபயோகப்படும் என்றும் கேட்டாள். தோசை கருகிப்போனாலும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எழுதுகிறேன். இதில் தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் காலைப் பிடித்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். குழந்தை தலை முதலில் வராமல் கால் முதலில் வந்து பிறந்தால், எங்கள் பக்கத்தில் அந்தக் கால் ராசியான கால். முதுகிலோ இடுப்பிலோ காலிலோ சுளுக்குப் பிடித்தால் அப்படிப் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது கணக்கு. நான் நைனார்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அப்படிப் பிறந்து தொலைத்தேன். பாண்டி ஆடிக்கொண்டிருப்பேன், “ஏ பொண்ணு, வந்து ஒரு மிதி மிதிச்சிட்டுப் போ” என்று கூப்பிடுவார்கள். யாரோ ஒருவர் வாசலில் குப்புறப் படுத்திருப்பார். ஏறி மிதித்துவிட்டு ஓடிவந்து விட்ட இடத்திலிருந்து ஆடுவேன். கடலை மிட்டாய் கிடைக்கும். எங்கள் தெருவில் எனக்கு இருந்ததைவிட என் காலுக்கு மரியாதை ஜாஸ்தி.

பிறகு படித்தேன், பட்டம் வாங்கினேன், அங்கே இங்கே மாற்றலாகி கடைசியில் சொந்த மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தேன். படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடுதிச் சாம்பாரும் எலும்புகளின் பெயர்களும்தான் ஞாபகம். மிதிக்கிற காலைச் செருப்புக்குள் மறைத்துக்கொண்டு, கையால் வைத்தியம் செய்கிறவளாக ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் எலும்பு முறிவுப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் தணிகாசலம். ஒல்லியான மனிதர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று யாரோ அளந்து கொடுத்த மாதிரிதான் பேசுவார். நோயாளி கட்டிலில் இருந்தால் இவர் கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலியில் உட்காருவார். காலைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்பார். எந்தக் கால் முன்னால் இருந்தது? சத்தம் கேட்டதா? சத்தம் கேட்டதும் என்ன நினைத்தீர்கள்?

கடைசிக் கேள்வி எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. என்ன நினைத்தால் என்ன? தியாகதுருகத்திலிருந்து வாலிபால் ஆடுகிற ஒருவரைக் கூட்டிவந்த அன்றுதான் புரிந்தது. எதிரணிக்காரர்கள் பின்னாலிருந்து கல்லால் அடித்துவிட்டார்கள் என்று அவர் கூட வந்தவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சார் கேட்டார், “கல்லைப் பாத்தீங்களா?”

“பாக்கலிங்க. ஆனா அடிச்சது நெசம் சார். சுளீர்னு வுழுந்துச்சி.”

“யாரும் அடிக்கல. கெண்டைக்கால் சதை கிழிஞ்சா அப்படித்தான் இருக்கும். எல்லாரும் திரும்பித்தான் பாப்பாங்க. அந்தப் பசங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க.”

கைலிகள் இறங்கின. அதிலிருந்து நானும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன். யார் மேலோ கோபமாக வருகிற நோயாளியிடம் முதலில் கோபத்தை இறக்கிவிட வேண்டும், கட்டுப் போடுவதெல்லாம் அப்புறம்தான்.

கேள்வி முடிந்தால் சோதனை. குப்புறப் படுக்கச் சொல்வார். பாதம் இரண்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். முதலில் நல்ல காலின் கெண்டைச் சதையைக் கைக்குள் அடக்கி மெல்ல அமுக்குவார். அமுக்கினால் பாதம் தானாக அசையும். பிறகு அடிபட்ட கால். அங்கேயும் பாதம் அசைந்தால், சதையைக் குதிகாலோடு சேர்க்கிற நாண் அறுபடவில்லை என்று அர்த்தம். அசையாவிட்டால் ஆபரேஷன் பேச்சு வரும். அந்த ஒரு நொடி அறையில் யாரும் மூச்சு விடமாட்டோம். பிறகு சட்டைப் பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளப்பார். வீங்கிய கால்களில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு அனுப்புவார். எல்லாம் முடிந்து என் பக்கம் திரும்பி, “இனிமே உங்க பொறுப்பு” என்பார். அதைச் சொல்லிவிட்டால் பிறகு குறுக்கே வரமாட்டார். அப்படிப்பட்ட அதிகாரி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது அலமேலு.

பொங்கல் முடிந்த வாரம், கல்வராயன் மலையிலிருந்து ஒரு அப்பா தன் மகளை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டிவந்தார். அப்பா பெயர் சின்னையன். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன ஊர், தினையும் மரவள்ளியும் போடுகிறவர். மகள் அலமேலுவுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பொங்கல் விளையாட்டில் பெண்கள் கபடி. பாடிப் போனவள், கோட்டைத் தொடத் திரும்பித் தாவியபோது டப்பென்று கேட்டிருக்கிறது.

சத்தம் கேட்டதும் என்ன நினைத்தாய் என்று சார் கேட்டார். அவள் அழுதுவிட்டாள். “நடந்து காட்டணுமேன்னுதாங்க நெனச்சேன்” என்றாள்.

எங்களுக்கு விளங்கவில்லை. சின்னையன்தான் சொன்னார். வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். இனி உடல் தகுதித் தேர்வு. அதில் பெண்கள் நாலு மணி நேரத்துக்குள் பதினைந்து கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும். பங்குனியில் வைத்திருக்கிறார்கள்.

“நடக்கிற பரீட்சைன்னதும் ஊரே சிரிச்சிதுங்க. மலையில பொறந்தவள நடக்கச் சொல்றாங்களேன்னு. கால் மொளச்சதிலருந்து அவ நடந்துக்கினேதான இருக்கறா. ரேஷனுக்கு நடை, இஸ்கூலுக்கு நடை. இப்ப வூட்டு வாசலுக்கு நடக்க முடியல.”

புடவை மாதிரி ஒரு துணியைக் காலில் சுற்றியிருந்தார்கள். அவிழ்த்தேன். முழங்காலுக்குக் கீழே இருந்து கணுக்கால் வரை கருநீலம். விளையாட்டில் கிழிந்த கால் அவ்வளவு மோசமாகாது. “யார் இதை இப்படிப் பண்ணது?” என்று கேட்டேன்.

“எம் மச்சான் காலால பொறந்தவருங்க. அன்னிக்கே மிதிச்சி வுட்டாரு. இன்னும் ரெண்டு மிதி பாக்கி.”

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். சார் என்னைப் பார்க்காமலே, “திட்டாதீங்க. திட்டினா பைக்கை எடுத்துடுவாரு” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். குப்புறப் படுக்க வைத்தார். நல்ல காலை அமுக்கினார், பாதம் அசைந்தது. அடிபட்ட காலைக் கைக்குள் எடுத்தார். அலமேலு கட்டில் கம்பியைப் பிடித்தாள். பாதம் லேசாக, ரொம்ப லேசாக, அசைந்தது.

“அறுந்து போகல. சதைதான் கிழிஞ்சிருக்கு. ஸ்கேன் பாத்துடலாம்.” ஸ்கேனில் ரத்தம் உறைந்திருக்கவில்லை. “இனிமே உங்க பொறுப்பு” என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஐஸ் ஒத்தடம், விரல் நுனியிலிருந்து மேலே ஏறுகிற மாதிரி இறுக்கக் கட்டு, காலுக்கடியில் தலையணை. எண்ணெய் கூடாது, வெந்நீர் கூடாது, பற்றுக் கூடாது, உருவக் கூடாது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடுக்கி, குதிகாலுக்கடியில் வைக்க ஒரு கட்டை செய்துகொடுத்தேன். குதிகால் உயர்ந்திருந்தால் கெண்டைச் சதை இழுபடாது. மலைக்குத் திரும்பக் கூடாது, அங்கே எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம் அல்லது இறக்கம். அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் அவள் அத்தை வீட்டில் இருக்கட்டும் என்றேன்.

சின்னையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “சரிங்க. அப்ப அந்த ரெண்டு மிதி?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள், அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த எங்கள் பணியாளர் வள்ளியம்மா போட்டு உடைத்துவிட்டாள். “மிதிக்கிறதுக்கு ஏன் மலைக்குப் போறீங்க? எங்க மேடமே காலால பொறந்தவங்கதான்.”

சின்னையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்து நின்று கும்பிட்டார். “டாக்டரம்மா, படிச்ச கையும் உங்களுதுதான், பொறந்த காலும் உங்களுதுதான். ஏறி மிதிச்சி வுட்டுடுங்க. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

வள்ளியம்மாவை ஒரு பார்வை பார்த்தேன். அவள் துடைப்பத்தோடு நகர்ந்தாள். எனக்குத் தெரியும், முடியாது என்று சொன்னால் இவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் போவார். இன்னொரு மிதிக்கு அந்தக் கால் தாங்காது. பங்குனியில் நடக்கிறது இருக்கட்டும், வருஷக்கணக்கில் நொண்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கும் என் கால் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று தெரிந்தது.

அப்போது வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். “அண்ணே, சுளுக்குன்னா காலால பொறந்தவங்க மிதிக்கணும். இது கிழிசல். கிழிசலுக்கு மொறை வேற. அடிபட்டவங்கதான் காலால பொறந்தவங்களை மிதிக்கணும்.”

“மாத்தி இருக்குதுங்களே.”

“மாத்தித்தான் இருக்கும். மூணு ஞாயித்துக்கிழமை இங்க கூட்டிக்கினு வாங்க. என் காலை அவ மிதிப்பா. அதுவரைக்கும் வேற யார் காலும் அவ மேல பட்டுதுன்னா, பலிக்காது.”

பக்கத்துக் கட்டிலில் சார் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பொய்யா என்றால் பாதிப் பொய். வீக்கம் வடிந்த பிறகு, பாதத்தால் எதையாவது மெல்ல அழுத்தி அழுத்தித்தான் கெண்டைச் சதையை வேலைக்குப் பழக்க வேண்டும். வழக்கமாகச் சுவரை அழுத்தச் சொல்வோம், ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்வோம். இங்கே சுவருக்குப் பதில் என் கால், அவ்வளவுதான். சார் அறையை விட்டுப் போகும்போது, “புஸ்தகத்துல இல்லாத மொறை” என்றார். “தப்பா சார்?” என்றேன். “தப்புன்னா சொன்னேன்?” என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரிவுக்கு விடுமுறை. நான் போனேன். குழாயடியில் காலைக் கழுவினேன், சின்னையன் பார்க்கட்டும் என்றே நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அலமேலுவைப் படுக்க வைத்து, எதிரே முக்காலியில் உட்கார்ந்து, என் உள்ளங்காலை அவள் உள்ளங்காலோடு வைத்தேன். “மிதி. வலி வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடணும்.”

“பெரியவங்களை மிதிக்கச் சொல்றீங்களே மேடம்.”

“அரசாங்கம் எனக்குச் சம்பளம் குடுக்குது. மிதி.”

மிதித்தாள். பாதம் பட்டதா இல்லையா என்றே தெரியாத மிதி. இரண்டாவது ஞாயிறு, பட்டது என்று தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு என் குதிகால் முக்காலிச் சட்டத்தில் இடிக்கிற அளவுக்குத் தள்ளினாள். சின்னையன் பின்னால் நின்று எண்ணிக்கொண்டே இருந்தார். “பலிக்குதுங்க” என்றார்.

மூன்று ஞாயிறு முடிந்தாலும் நான் விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்குவது, பிறகு மேசையைப் பிடித்து நின்று இரண்டு குதிகாலையும் தூக்குவது, பிறகு அடிபட்ட ஒற்றைக் காலில் நின்று தூக்குவது. செருப்புக் கட்டையில் ஒவ்வொரு அடுக்காக உரித்துக்கொண்டே வந்தோம். சமதரையில் நடக்க, கோமுகி அணைக் கரை. அத்தை குடை பிடித்துக்கொண்டு கூடவே போவாராம். அப்படியொரு அத்தை எல்லோருக்கும் அமையாது.

நடுவில் ஒரு சறுக்கல். மாசியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு, “பஸ்ஸிலேயே போய் பஸ்ஸிலேயே வந்துடறேன்” என்று மலைக்குப் போனாள். வளைவில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நடக்க, இவளும் நடந்தாள். மறுநாள் நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் போட்ட சத்தத்தில் பிரசவ வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “எல்லாரும் ஏறும்போது நான் மட்டும் உக்காந்திருந்தா, இவளா நடந்து காட்டப் போறாள்னு நினைப்பாங்க மேடம்” என்றாள்.

 சாரைக் கூப்பிட்டேன். அமுக்கினார், பாதம் அசைந்தது. டேப்பைச் சுற்றினார். “புதுசா கிழியல. ஒரு படி கீழ எறங்கி மறுபடி ஏறுங்க” என்றார். இறங்கினோம். அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. காலண்டரைப் பார்க்கவே பயம். அவள் அதே மேசையைப் பிடித்து, அதே குதிகாலைத் தூக்கினாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

தேர்வு நாளன்று லீவு போட்டுவிட்டு நானே போனேன். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் நடை. முடிகிற இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில். நானும், சின்னையனும், குடையோடு அத்தையும். பங்குனி வெயில் தார் ரோட்டில் அலையடித்துக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் அரை ஓட்டமாகப் போன பெண்கள் சிலர் திரும்பி வரும்போது தள்ளாடினார்கள். ஒரு பெண் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சின்னையன் வாட்ச்சைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். “வழியில வுழுந்திருப்பாளோ?” என்றார்.  

ரோட்டுத் திருப்பத்தில் ஒரு கும்பல் வந்தது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, குதிகால்களைத்தான் பார்த்தேன். அதில் ஒரு ஜோடிக் கால், வலது இடது வித்தியாசம் இல்லாமல், குதிகால் ஊன்றி விரல் உந்தி, ஊன்றி உந்தி, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அந்த உந்தலை நான் என் உள்ளங்காலில் வாங்கியிருக்கிறேன். முகத்தைப் பார்க்காமலே, “அதோ வர்றா உங்க பொண்ணு” என்றேன்.

நேரம் மிச்சம் இருக்கும்போதே கோட்டைத் தாண்டினாள். பெயரைக் கேட்டு டிக் அடித்துக்கொண்டார்கள். சின்னையன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கு வரை அத்தை சொல்லிச் சிரிப்பார், இங்கே எழுத முடியாது.

சாருக்குப் போன் போட்டேன். “நடந்துட்டாளா?” என்றார். “நடந்துட்டா சார்.” அதற்கு அவர், “ஞாயித்துக்கிழமை ட்யூட்டியெல்லாம் நான் கணக்குல சேத்துக்க மாட்டேன், தெரியுமில்ல?” என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அலமேலு கயிற்றைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு என் காலில் விழக் குனிந்தாள். தோளைப் பிடித்து நிறுத்தினேன். “வுழாதடி. நம்ம மொறை வேற” என்று என் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன். “மிதி.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. அடிபட்ட காலைத் தூக்கி என் பாதத்தின் மேல் வைத்தாள். இன்னொரு காலைத் தரையிலிருந்து எடுத்தாள். உடம்பின் முழுப் பாரமும் அந்த ஒரு காலில். அப்படியே குதிகாலை மெல்லத் தூக்கி, விரல்களில் நின்றாள். ஆடவில்லை, அசையவில்லை. எனக்குக் கட்டைவிரல் நசுங்கிக் கண்ணில் பொறி பறந்தது. வலிக்கிறது என்று சொல்ல மனசே வரவில்லை.

இறங்கியதும்தான் பார்த்தேன், விரல் சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நான் நொண்டிக்கொண்டே நடந்தேன். சின்னையன் என் காலையே கவலையோடு பார்த்துக்கொண்டு கூட வந்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“டாக்டரம்மா, எம் மச்சானை வேணா வரச் சொல்லட்டுங்களா? ஒரு மிதி மிதிச்சாருன்னா சரியாப் பூடும்.”